மேலே கொஞ்சம் தாமதம்

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் ஹெதர் பிக்ஃபோர்ட் முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தாள்.

வக்கீலாக இருக்க வேண்டும். 'வீடு விற்பனை உறுதியாகிவிட்டது' என்று சொல்ல வேண்டும். ஒன்பது மாதமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறாள்.

"மேடம், நான் கீரன்."

சார்ஜென்ட் கீரன் லோமாஸ். வக்கீல் இல்லை.

"சொல்லு," என்றாள், பாதி உயிர் போன குரலில்.

"ஹீட்டன் மூர்ல ஒரு பாடி. வயசானவர். மாடிப்படிக்குக் கீழே கிடக்கார்."

"விழுந்திருப்பார்."

"விழுந்தவரைப் பார்க்கவா லீவுல இருக்கற உங்களைக் கூப்பிடுவேன்? கார்டிகன் ஸ்வெட்டரோட கை தோள்பட்டையிலேயே கிழிஞ்சிருக்கு. யாரோ பிடிச்சு இழுத்திருக்காங்க."

ஹெதர் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

வெளியே ஸ்டாக்போர்ட்டின் நவம்பர் மழை. நின்று பெய்யவும் தெரியாமல், விட்டுத் தொலைக்கவும் மனசில்லாமல் தூறிக்கொண்டிருந்தது. அவளுடைய வீட்டு விற்பனை மாதிரி.

க்ளைவ் வீட்டில் இல்லை.

க்ளைவ், முன்னாள் கணவன். விவாகரத்து ஆகி ஒன்றரை வருடம். ஆனால் வீடு விற்றால்தான் ஆளுக்கொரு பங்கு. பங்கு வந்தால்தான் ஆளுக்கொரு கூரை. அதுவரை ஒரே வீடு, ஒரே குளியலறை. ஒரே பிரிட்ஜ், நடுவில் ஒரு டேப். டேப்புக்கு மேலே அவள் பால், கீழே அவன் பால். இந்த ஏற்பாட்டில் அவள் பால் மட்டும் எப்போதும் சீக்கிரம் தீரும்.

ராத்திரி ஆனால் க்ளைவ் கூரைக்கடியில் இருக்கும் அறையில் ஏறிப் பொம்மை ரயில் விடுவான். அவள் தலைக்கு நேர் மேலே. கடகட... கடகட...

விற்றால் போதும் என்றிருந்தாள். எங்கே போகிறோம் என்பதுகூட முக்கியமில்லை. அந்தச் சத்தம் கேட்காத ஒரு கூரை போதும்.

ஆனால் எங்கே விற்க முடிகிறது? இந்த நாட்டில் வீடு தனியாக விற்காது. சங்கிலியாகத்தான் விற்கும்.

அவள் வீட்டை ஓர் இளம் ஜோடி வாங்குகிறது. அவள், பாலின் என்ட்விசில் என்ற விதவையின் சின்ன வீட்டை வாங்குகிறாள். பாலின், யாரோ ஒரு கிழவரின் வீட்டை வாங்குகிறாள். எல்லா வக்கீல்களும் ஒரே நேரத்தில் போனில் பேசி முடித்தால்தான் எல்லா வீடும் உறுதி. அந்த நிமிடம்வரை யாரும் எதற்கும் கட்டுப்பட்டவரில்லை. ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

ஏஜென்ட் டாரனைக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்.

"மேலே கொஞ்சம் தாமதம், மேடம்."

மேலே என்றால் அந்தக் கிழவர். பெயர் தெரியாது. முகம் தெரியாது. ஆனால் ஒன்பது மாதமாக, தினமும் காலையில் பல் தேய்க்கும்போது ஹெதர் அவரைத் திட்டியிருக்கிறாள்.

இன்று இரண்டு மணிக்கு எல்லாம் முடிவதாக ஏற்பாடு. அதற்காகவே லீவு போட்டிருந்தாள்.

இப்போது ஒரு பிணம்!

*

செங்கல் வீடு. வாசலில் நீல விளக்கு சுழல, பக்கத்து வீட்டு ஜன்னல் திரைகள் எல்லாம் ஓரங்குலம் விலகியிருந்தன.

உள்ளே கால் வைக்க இடமில்லை. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் நடுங்கும் கையெழுத்தில் 'சமையலறை', 'குளியலறை', 'எட்வின் வீடு' என்று எழுதியிருந்தது.

பெட்டிகளுக்கு நடுவே, படிக்கட்டின் அடியில் நார்மன் ஹால்சல் கிடந்தார். எண்பது வயதிருக்கும். சவரம் செய்து, டை கட்டியிருந்தார். கிழிந்த கார்டிகன் கை முழங்கைவரை இறங்கியிருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, பின்மண்டையில் அடி என்றார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் உயிர் போயிருக்கும் என்றார். அதற்கு மேல் இப்போதைக்குக் கேட்காதே என்று மூஞ்சியால் சொல்லிவிட்டுப் போனார்.

சமையலறையில் எல்லாமே பெட்டிக்குள் போயிருந்தன. வெளியே மிச்சம் ஒரு கெட்டில், இரண்டு கோப்பை. இரண்டிலும் டீ குடித்த கறை.

"வந்தவன் தெரிஞ்சவன்," என்றாள் ஹெதர். "டீ போட்டுக் கொடுத்திருக்கார்."

"அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். நம்ம ஊர்ல வீட்டை இடிக்க வந்தவனுக்கும் டீ போடுவாங்க."

கீரன் ஒரு பெட்டியைத் திறந்து, காகிதம் சுற்றிய ஒரு தட்டை எடுத்தான். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். இன்னொன்றைப் பிரித்தான். நெற்றி சுருங்கியது.

"எல்லாம் ஏப்ரல் மாசத்துப் பேப்பர்."

"ஏப்ரலா?"

"ஏப்ரல்லயே மூட்டை கட்டிட்டார். நவம்பர் வரைக்கும் ரெண்டு கோப்பையோட குடும்பம் நடத்தியிருக்கார். பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க, விட்பியில கடலுக்கு எதிரே தம்பி எட்வின் வீட்டுல இவருக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்காராம். தினமும் காலையில டை கட்டிட்டு உக்காந்துடுவாராம். போன் வந்தா கிளம்பறதுக்கு."

ஹெதர் கூடத்தில் கிடந்தவரின் டையைத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டம்மா பிரெண்டா இன்னும் சொல்லியிருந்தாள். பதினொரு மணி சுமாருக்கு, தொப்பி போட்ட உயரமான ஆள் ஒருவன் வந்தான். முகம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவர் வழியாக அவன் குரல் கேட்டது. மிரட்டவில்லை. கெஞ்சினான்.

'இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க... இன்னும் கொஞ்ச நாள்...'

பிறகு தடதடவென்று ஒரு சத்தம். பெட்டி விழுந்தது என்று நினைத்தாளாம். பிறகு வந்து பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டதும் அவள்தான்.

ஹெதர் வாசலுக்கு வந்தாள். மழையில் நனைந்துகொண்டு ஏஜென்ட்டின் 'விற்பனை பேசி முடிந்தது' பலகை நின்றது. அதிலிருந்த நம்பரைத் தன் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் ஒரு பெயர் தானாகவே வந்து நின்றது.

'டாரன் கழுத்தறுப்பு.'

அவள் சேமித்து வைத்த பெயர்தான்.

ஹெதர் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"மேடம்!" டாரனின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "நானே கூப்பிடணும்னு இருந்தேன். மேலே எல்லாம் சரியாயிடுச்சு. ரெண்டு மணிக்கு முடிச்சிடறோம்."

"டாரன், மேலே இருக்கறவர் பேர் என்ன?"

"அதை நாங்க சொல்லக்கூடாது, மேடம்."

"நார்மன் ஹால்சல். அவர் வீட்டுலதான் நிக்கறேன். அவர் செத்துட்டார்."

டாரன் ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"ரெண்டு மணிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"இப்ப மணி ஒண்ணுகூட ஆகலை, டாரன்."

"அப்ப போச்சு."

டாரன் அழாத குறையாக விளக்கினான். ஒப்பந்தம் உறுதியாகும் முன்பே சொந்தக்காரர் இறந்துவிட்டால், யாரும் கையெழுத்துப் போட முடியாது. உயில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட் அனுமதி வர வேண்டும். அதற்குப் பிறகு வாரிசு விற்க மனசு வைக்க வேண்டும். எல்லாம் முதலிலிருந்து.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் ஹெதர். "ஒன்பது மாசமா மேலே தாமதம், மேலே தாமதம்னியே? இந்த மனுஷன் ஏப்ரல்லயே மூட்டை கட்டிட்டார்."

"அவர் கேக்கறப்ப, கீழே கொஞ்சம் தாமதம்னு சொல்வோம், மேடம்."

"நடுவுல இருக்கற பாலினுக்கு?"

"ரெண்டு பக்கமும் தாமதம்னு சொல்வோம்."

"உண்மையில தாமதம் யாரு?"

"வக்கீல் வக்கீலுக்கு எழுதுவார். அவர் இன்னொரு வக்கீலுக்கு எழுதுவார். எங்களுக்கு யாரு மேடம் சொல்றாங்க?"

ஹெதர் போனை வைத்துவிட்டு ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். ஒன்பது மாதம் திட்டியது இந்த மனிதரையா? டை கட்டிக்கொண்டு போனுக்குக் காத்திருந்தவரையா?

விஷயத்தைக் கேட்ட கீரன், தலையைச் சொறிந்தான். இந்த வழக்கை அவள் விசாரிக்கக் கூடாது என்றான். அவளுக்கும் தெரியும். சூப்பரின்டென்டென்ட்டைக் கூப்பிட்டாள். மான்செஸ்டரில் கால்பந்து ஆட்டம், எல்லா அதிகாரிகளும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் ஆள் அனுப்புகிறேன், அதுவரை பார், ஆனால் யாரையும் உன் கையால் கைது செய்யாதே என்றார் அவர்.

காரில் ஏறினார்கள்.

"சங்கிலியில இருக்கற யாரோதான் மேடம். ஒன்பது மாச எரிச்சல். நானா இருந்தா எப்பவோ யாரையாவது தள்ளியிருப்பேன்."

"தள்ளியிருக்க மாட்டே. ரெண்டு மணி வரைக்கும் பொறுத்திருப்பே."

கீரன் திரும்பிப் பார்த்தான்.

"யோசி. இவர் உயிரோட இருந்தாதான் எல்லாருக்கும் வீடு. பாலினுக்கு, எனக்கு, என்கிட்ட வாங்கற பசங்களுக்கு, கமிஷன் வாங்கற டாரனுக்கு. இன்னிக்குக் காலையில இவருக்குத் தும்மல் வந்திருந்தாக்கூட நாங்க எல்லாரும் சூப் வச்சுக் கொடுத்திருப்போம்."

"அப்ப யாரு?"

"கெஞ்சினான்னு பிரெண்டா சொன்னாங்களே. இன்னும் கொஞ்ச நாள்னு. ஒன்பது மாசம் கழிச்சு, இன்னும் நாள் வேணும்னு கேக்கறவன் யாரு?"

"பைத்தியக்காரன்."

"இல்ல. விற்கவே கூடாதுன்னு நினைக்கறவன்."

*

பாலின் என்ட்விசில் கதவைத் திறந்தாள். உருண்டையான உடம்பு, உருண்டையான கண்ணாடி. ஹெதர் வாங்கவிருந்த வீடு. இரண்டே அறை, சின்னத் தோட்டம். தலைக்கு மேலே கூரை ஓடுகளைத் தவிர ஒன்றுமில்லை.

செய்தியைக் கேட்டதும் பாலின் அழுதாள். அழுதுகொண்டே கெட்டிலைப் போட்டாள். நார்மனை மூன்று முறை பார்த்திருக்கிறாளாம். ரோஜாச் செடிகளை எப்போது வெட்ட வேண்டும், எந்தக் குழாய் குளிர்காலத்தில் மக்கர் செய்யும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாராம்.

"யாரு கண்ணு அவரைப் போய்... பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன்."

நார்மனின் முகவரி சங்கிலியில் வேறு யாருக்குத் தெரியும் என்று கீரன் கேட்டான்.

"யாருக்கும் தெரியாது. ஏஜென்ட் யாரைப் பத்தியும் மூச்சு விட மாட்டான். எனக்கு மட்டும்தான்..." பாலின் நிறுத்தினாள். கண்ணாடியைத் துடைத்தாள். "ஆமா, நேத்து ஒருத்தருக்குச் சொன்னேன். தப்பில்லையே? ரொம்ப நல்ல மனுஷன்."

"யாரு?"

பாலின் ஹெதரைப் பார்த்துக் கண்ணீரோடு சிரித்தாள்.

"உன் வீட்டுக்காரர்தான், கண்ணு. க்ளைவ்."

கெட்டில் கொதித்து, தானாக அணைந்தது.

"என்ன சொன்னார்?" என்று கேட்டது கீரன்.

"நீ வீடு பார்க்க வந்தப்ப உன்னைக் கார்ல கொண்டு விட்டாரே, அப்ப அறிமுகம் ஆனவர்தானே. போன் பண்ணினார். நாளைக்கு எல்லாம் முடியுது, மேலே இருக்கற பெரியவருக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பணும், அட்ரஸ் கொடுங்கன்னார். இந்தக் காலத்துல யாருக்கு அப்படித் தோணும் சொல்லு?"

ஹெதர் எழுந்தாள்.

இருபது வருடக் குடித்தனம். தாய் வீட்டுக்கு, தங்கைக்கு, தபால்காரருக்கு என்று எல்லா அட்டையும் எழுதியது அவள். கிறிஸ்துமஸ் அட்டையில்கூட 'க்ளைவ்' என்று அவன் சார்பில் கையெழுத்துப் போட்டதும் அவளேதான். தன் சொந்த அம்மாவுக்கு அறுபதாம் பிறந்தநாள் அட்டை வாங்காத ஒரே ஆங்கிலேயன் க்ளைவ்!

"மேடம்..." என்றான் கீரன்.

"காரை எடு."

வழியில் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. வாங்குபவரின் வக்கீல் கேள்விகளாக அனுப்புவார். வேலி யாருடையது, பாய்லர் எப்போது பழுது பார்த்தது, ஜன்னல் மாற்றியதற்குச் சான்று எங்கே என்று. 'உனக்கு ஸ்டேஷன் வேலையே சரியா இருக்கு, இதையெல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்று எல்லாவற்றையும் க்ளைவ்தான் வாங்கிக்கொண்டான். விவாகரத்துக்குப் பிறகு அவன் செய்த ஒரே உதவி என்று அவளும் நெகிழ்ந்து போயிருந்தாள்.

பார்த்துக்கொண்டான்... ஒன்பது மாதம்!

*

கடகட... கடகட...

வீட்டுக்குள் நுழையும்போதே மேலேயிருந்து சத்தம் கேட்டது. ஏணியில் ஹெதர் முதலில் ஏற, கீரன் பின்னால் ஏறினான்.

கூரைக்கடியில் ஓர் ஊரே இருந்தது. ஸ்டாக்போர்ட்டின் பெரிய ரயில் பாலம் தீக்குச்சித் தலை அளவுச் செங்கற்களில். மலைகள், சுரங்கம், பிளாட்பாரத்தில் குடை பிடித்த விரற்கடை மனிதர்கள். எல்லாம் தரையோடும் உத்தரத்தோடும் ஒட்டி, ஆணி அடித்து, வருடக்கணக்காக வளர்த்தது. நடுவில், தான் நிற்க வெட்டிய ஓட்டைக்குள் க்ளைவ் நின்றிருந்தான். உயரமாக. தலை உத்தரத்தில் இடிக்காமல் இருக்கக் குனிந்து.

"வித்தாச்சா ஹெதர்?"

"இல்ல. மேலே இருந்தவர் இறந்துட்டார்."

"அடடா," என்றான். வருத்தப்பட ரொம்ப முயன்றான். "அப்ப இன்னும் நாளாகும், இல்லையா?"

"அட்டை அனுப்பிட்டியா, க்ளைவ்?"

ரயில் ஒரு சுற்று முழுவதும் ஓடியது. சுரங்கத்துக்குள் போனது. வெளியே வந்தது. க்ளைவ் ஒரு குமிழைத் திருகினான். பாலத்தின் நடுவில் ரயில் நின்றது.

"பாலின் சொன்னாளா?"

"ஆமா."

சட்டப்படி சொல்ல வேண்டியதைக் கீரன் சொன்னான். வாயைத் திறக்க வேண்டிய கட்டாயமில்லை என்றான். ஆனால் க்ளைவ் பேசினான். யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

"விற்கணும்னு கோர்ட் உத்தரவு. நான் மாட்டேன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு கேள்வியா ஒளிச்சு வச்சேன். போன வாரம் அந்தப் பசங்க, பதில் வராததுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கறோம், வீடு கிடைச்சா போதும்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எனக்கு வழியே இல்ல, ஹெதர். இதைக் கழட்டினா மறுபடி சேர்க்க முடியாது. நான் பார்த்திருக்கற ஃபிளாட்ல இந்த ஸ்டேஷன்கூடக் கொள்ளாது."

"அதுக்கு ஒரு மனுஷனைக் கொல்லுவியா?"

"கொல்லப் போகலை. கிறிஸ்துமஸ் வரைக்கும் தள்ளிப் போடச் சொல்லத்தான் போனேன். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். நல்லா பேசினார். கீழே எவனோ கேள்விக்குப் பதில் சொல்லாம என்னை ஏப்ரல்லயிருந்து பெட்டிக்கு நடுவுல உக்கார வச்சிருக்கான்னு சொல்லிச் சிரிச்சார்."

"நீ என்ன சொன்னே?"

"அது நான்தான்னு சொல்லிட்டேன்."

ஹெதர் அவனையே பார்த்தாள். "ஏன் சொன்னே?"

"தெரியலை. டீ நல்லா இருந்துச்சு."

அதற்குப் பிறகு கிழவர் சிரிக்கவில்லை. எழுந்தார். டாரனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றார். போன் மாடியில் இருந்தது. படியேறினார். க்ளைவ் பின்னால் ஓடிக் கெஞ்சினான். அவர் நிற்கவில்லை.

"கையைப் பிடிச்சு இழுத்தேன். அவ்வளவுதான். சும்மா நிறுத்தத்தான்..."

"விழுந்தப்ப உயிர் இருந்துச்சா?"

க்ளைவ் பார்வையைப் பாலத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம்."

"கூப்பிட்டா நான் அங்கே இருந்தது தெரிஞ்சிடும்." அவன் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "ரெண்டாவது டீக்கு வச்ச கெட்டிலை மட்டும் அணைச்சுட்டு வந்தேன்."

கீரன் விலங்கை எடுத்தான். ஏணியில் விலங்கோடு இறங்க முடியாது என்பதால், இறங்கிய பிறகு மாட்டினான். இறங்கும்போது க்ளைவின் தோள் உரசி, பிளாட்பாரத்திலிருந்து இரண்டு குடைக்காரர்கள் விழுந்தார்கள். அவன் குனிந்து எடுக்கப் பார்த்தான்.

"விடுங்க சார்," என்றான் கீரன். "அவங்க அடுத்த வண்டியில வருவாங்க."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தெரு முனையில் திரும்பியது. தேய்ந்தது.

ஹெதர் கூடத்தில் தனியாக நின்றாள்.

விட்பியில் எட்வின் என்றொருவர் இருக்கிறார். அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். யாராவது இல்லை, அவள்தான் சொல்ல வேண்டும். தாமதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து. நார்மனுக்கு அவள் தரக்கூடிய மன்னிப்பு அது ஒன்றுதான்.

எட்வினின் நம்பரைத் தேடும்போதே போன் அடித்தது.

டாரன்.

குரலில் துள்ளல் இல்லை. வக்கீல்களிடம் பேசிவிட்டானாம். கோர்ட் அனுமதிக்கு ஒரு வருடம் ஆகலாம். கூடவும் ஆகலாம். பாலின் காத்திருக்கிறேன் என்கிறாள். அந்த இளம் ஜோடியும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கத் தயார். ஹெதர் மேடம் விலகிக்கொண்டால் சங்கிலியே அறுந்துவிடும்.

"கோபப்படாதீங்க மேடம். ஒன்பது மாசம் ஆச்சு, எனக்குத் தெரியும். மறுபடி ஒரு வருஷம்னா..."

ஹெதர் காதைத் தீட்டிக்கொண்டாள்.

மேலே சத்தமில்லை. கீழே சத்தமில்லை. குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. மழைகூட நின்றுவிட்டிருந்தது.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன். எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கோங்க, டாரன். எனக்கு இன்னிக்குத்தான் இந்த வீடு பிடிச்சிருக்கு."